ஏழாம் உரிமைக்கோரல்

கிழக்கு டெக்சாஸ், ஆகஸ்ட் மாதம்.
ஜூரி தேர்வில் கேட்டார்கள்:
உங்கள் பெயரில் காப்புரிமை ஏதும் உண்டா,
உறவில் வழக்கறிஞர் யாரேனும்,
கணினி நிறுவனப் பங்குகள்?
வேலை என்றதற்குப் பள்ளி மாவட்டம் என்றேன்,
எழுதிக்கொண்டார்கள்.
பென்சில் வைத்திருக்கிறாயா என்று
ஒருவரும் கேட்கவில்லை.
அப்படித்தான் வெர்லீன் ஸ்டபிள்ஃபீல்ட்
நான்காம் இருக்கையில் உட்கார்ந்தாள்.

கோரலைத் திரையில் போட்டார்கள்.
ஒரே வாக்கியம். மூச்சுவிட ஒரு காற்புள்ளி,
கொஞ்சம் தள்ளி இன்னொன்று.
அன்று ஆளில்லாத நிறுத்தங்களைக் கண்டறிதல்,
அவற்றை நீக்குதல்,
மீதியைத் திரும்பக் கோத்தல்,
தூரம் இதற்குமேல் குறையாது என்னும்வரை
இதையே மறுபடி மறுபடி செய்தல்,
ஒரு கணினியில்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
இருமலாக மாற்றிக்கொண்டேன்.

காலை ஐந்தேகால்.
கல்பெப்பர் வீட்டில் மூன்றுக்கும் அம்மை,
மில் சாலையை அடி.
ஓடைப்பாலத்தில் தண்ணீர்,
பன்னிரண்டாம் பேருந்தைச் சரளைக் குழிப் பக்கம் திருப்பு.
அழி, வரை, அழி.
பதினேழு வருடம்.
வரைபடம் மடிப்புகளில் கிழிந்து
நாடா ஒட்டி, நாடாமேல் நாடா ஒட்டி.

ஒரு வழக்கறிஞர் சொன்னார்:
மாட்டைத் திருடினால் திருட்டு,
மூளையைத் திருடினால் முன்னேற்றமா?
மற்றவர் சொன்னார்:
இது கணக்கு, ஐயா.
பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு யார் வாடகை வாங்குவது?
இரண்டுக்கும் நான் தலையாட்டினேன்.
நல்ல வேளை, ஜூரியின் தலையை
யாரும் பதிவு செய்வதில்லை.

கண்டுபிடித்தவர் வந்தார், ஆர்விட் லுண்ட்குவிஸ்ட்,
மினசோட்டாக்காரர், சட்டை கழுத்தில் பெரிதாக.
கார் கொட்டகையில் மூன்று குளிர்காலம்.
"இரவு இரண்டு மணிக்கு அது முதல்முறை ஓடியது.
எழுப்பிச் சொல்ல வீட்டில் ஆளில்லை."
அவரை நம்பினேன்.
பன்னிரண்டாம் பேருந்துக்கு ஒன்பது மைல் மிச்சம் பிடித்த அன்று
நான் சொன்னது ஓட்டுநரிடம் மட்டும்.
அவன் "சரி" என்றான்.

பதினோராயிரம் டாலருக்கு விற்றுவிட்டாராம்.
வாங்கிய நிறுவனம்தான் இப்போது வழக்காடுகிறது,
துல்சாவில் ரொட்டி வண்டிகளுக்கு நிரல் எழுதும்
இரண்டு சகோதரிகள்மேல்.
அதன் அலுவலகம் எதிர்ச்சாரியில், டயர்க் கடை மாடியில்.
போய்ப் பார்க்கக் கூடாது என்றார் நீதிபதி.
போய்ப் பார்த்தேன்.
கதவில் பெயர்ப்பலகை.
கண்ணாடி வழியே ஒரே ஒரு நாற்காலி,
பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல்.

ஜூரி அறையில் எட்டுப் பேர், ஒரு பெட்டி டோனட்.
அதன் மூடியின் பின்புறம்
ஊரை வரைந்தேன், நிறுத்தங்களை வைத்தேன்,
கோரல் சொன்ன வரிசையில் ஒவ்வொன்றாய்.
நாலு நிமிடம் ஆகவில்லை.
"ஆனால் கணினியில் செய்யவில்லையே நீ,"
என்றாள் பல் மருத்துவமனைக் கணக்காள்.
ஒரு கணினியில்.
அந்த இரண்டு சொல்லுக்கு முன்னால் இருப்பதெல்லாம்
என் காலைப்பொழுது.
பின்னால் இருப்பது ஒரு முற்றுப்புள்ளி.

பீச் தோட்டக்காரர் காஸ்பர் டில்லார்ட்
மூடியைத் தன் பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்தார்.
"அவன் எழுதிக் கொடுத்தான், வெர்லீன்.
ஊருலகம் படிக்கலாம்.
நீ பதினேழு வருடமாய் யாருக்குச் சொன்னாய்?"

பதில் இருந்திருக்க வேண்டும் என்னிடம்.
டோனட் சர்க்கரையை விரலால் ஒதுக்கினேன்.

ஆறு மணிக்கும் முடிவாகவில்லை.
நாளை வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

ஐந்தேகாலுக்குத் தொலைபேசி.
முட்டை வேகுமுன்
ஏழாம் கோரலை மூன்று முறை மீறினேன்.
பிறகு ஒரு தாளில், அச்செழுத்தில்,
முதலில் ஆளில்லாத நிறுத்தங்களை அடி என்று தொடங்கி
நான் செய்வதையெல்லாம் எழுதி
பணிமனைச் சுவரில்,
எரிபொருள் ரசீதுகளுக்குப் பக்கத்தில் குத்தினேன்.
கீழே பெயர் போடலாமா என்று
பென்சில் கொஞ்சநேரம் நின்றது.
தேதி மட்டும் போட்டேன்.
ஒன்பது மணிக்கு மறுபடி நீதிமன்றம்.
பன்னிரண்டாம் பேருந்து இன்னும் கிளம்பவில்லை.